கேள்வி இல்லாத போட்டோ

எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் சிலர் என்னைப் புகைப்படக் கலைஞர் என்று நம்புகிறார்கள். நான் மறுப்பதில்லை. ஐம்பதை நெருங்கும் ஒரு வேதியியல் ஆசிரியைக்கு வேறு எந்த வழியிலும் கிடைக்காத மரியாதை அது. ஓடும் பஸ்சின் ஜன்னலோரம் செல்போனைச் சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆர்வம், ரசனை, கலை உள்ளம். உண்மையில் எனக்கு இது தண்டனையாக வந்தது. விதித்தவள் என் மகள்.

சென்ற வருடம் ஒரு மத்தியானம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. திரையில் மகளின் பெயர். எடுத்து, "சொல்லுடி" என்றேன். ஓர் ஆணின் குரல், "இவங்க அம்மாங்களா?" என்று கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது என்று எல்லோரும் எனக்குச் சொல்கிறார்கள். சென்னையில் ஒரு திருப்பத்தில் லாரி. ஸ்கூட்டர் போனது, காறை எலும்பு முறிந்தது, ஒரு காலில் கம்பி வைத்தார்கள். பிழைத்தாள். தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து மாதக்கணக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். பிறகு, ஊரில் எல்லாப் பிள்ளைகளும் செய்வதைப் போல, வேலை என்று சொல்லிச் சென்னைக்கே திரும்பிப் போய்விட்டாள். உறவினர்கள், "உங்க பொண்ணு தைரியசாலிங்க" என்றார்கள். தைரியசாலியைப் பெற்றவளுக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி அவர்களுக்குக் கருத்து எதுவும் இல்லை.

எனக்கு ஆனது இது: அவளுக்குப் போன் போட்டேன். எழுந்தாயா என்று ஒன்று, ஆபீசுக்கு எதில் போகிறாய் என்று ஒன்று, போய்ச் சேர்ந்தாயா என்று ஒன்று, சாப்பிட்டாயா என்று ஒன்று, இல்லை என்றால் ஏன் என்று ஒன்று. எடுக்காவிட்டால் அவள் அறைத்தோழிக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பொறுமை தீர்ந்தது.

"அம்மா, நீ பேசுறது பேசுற மாதிரியே இல்லை. அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி இருக்கு."

"பெத்தவ கேக்கக் கூடாதா?"

"நீ ஒவ்வொரு தடவை கேக்கும்போதும் எனக்கு அந்த ரோடு ஞாபகம் வருது. நான் மறக்கணும்னு பார்க்கிறேன். நீ ஞாபகப்படுத்துறதையே வேலையா வச்சிருக்க."

அப்புறம் அவள் ஷரத்துகளைச் சொன்னாள். தினம் ஆளுக்கு ஒரு போட்டோ. அன்றைக்கு, அவரவர் கையால் எடுத்தது. படத்துடன் ஒரு வார்த்தைகூட வரக் கூடாது. ஞாயிறு தவிர போன் கிடையாது. அறைத்தோழிக்கும் கிடையாது. முக்கியமாக, கேள்வி கிடையாது. "ஒரு கேள்வி வந்தா உன் நம்பரை பிளாக் பண்ணிடுவேன். ஒரு மாசத்துக்கு." சொன்னதைச் செய்கிறவள். அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று என் கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார். பேப்பரை இறக்காமல் கேட்டதால் தப்பித்தார்.

ஆக, அவளிடமிருந்து தினம் வரும் ஒரு படம்தான் என் மகள் உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு எனக்குக் கிடைக்கும் அத்தாட்சி. அது நிற்காமல் வர வேண்டும் என்றால் நான் போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கலை இப்படித்தான் பிறக்கிறது போலும்.

முதல் நாள் இட்லி எடுத்தேன். நாலு இட்லி, சட்னி, ஜன்னல் வெளிச்சம். நல்ல படம் என்றே நினைத்தேன். ஷரத்து அவளைக் கட்டுப்படுத்தாது போலும்; பிளாக் பண்ணாமல், எச்சரிக்கையாக ஒரு வரி வந்தது: "அம்மா, இது கேள்வி."

மறுநாள் குடை. "இதுவும் கேள்வி." அதற்கு மறுநாள் மாதுளம்பழம். "இது அறிவுரை." கடுப்பில், சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் என் கணவரை எடுத்து அனுப்பினேன். "இது புகார்" என்று வந்தது. பெரிய கோயில் கோபுரத்தை அனுப்பிய அன்று, "கோபுரம் இன்டர்நெட்ல நிறைய இருக்கும்மா. நீ எங்க இருந்தன்னுதான் இல்லை" என்றாள். கோபத்தை அடக்கிக்கொண்டு நினைத்துப் பார்த்தேன். தஞ்சாவூருக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம் எடுத்த கோபுரம். நான் எடுத்ததில் மட்டும் ஒரு மூலையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் பைக் இருந்தது. அதை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தேன்.

அவள் அனுப்பியவையோ, கலை என்றால் இதுதான் கலை என்னும் தரத்தில் இருந்தன. சுவரின் ஒரு மூலை. சார்ஜர் வயர். ஏசிப் பெட்டியின் மேல் ஒரு காக்கை. நான் அவற்றை ரசித்தேன் என்று சொன்னால் பொய். நான் அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவர் மூலையில் ஒட்டடை. காக்கைக்குக் கீழே காய்ந்த துணியில் அவள் துணி எது. மேஜையின் ஓரத்தில் தெரிவது மாத்திரை அட்டையா, சாக்லேட் உறையா. ஒரு நாள் எவர்சில்வர் டம்ளரில் டீ அனுப்பியிருந்தாள். டம்ளரின் வளைவில் அவள் முகம் விழுந்திருந்தது. நீளமாக, இரண்டு பக்கமும் இழுத்துவிட்டதைப் போல. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கடைசியில் சாம்பல் நிறக் கட்டங்களாகப் போகும் வரை பார்த்துவிட்டு, கணவரிடம் போய், "இளைச்சுட்டா" என்றேன்.

"டம்ளர்ல பார்த்தா நீகூட இளைச்சுத்தான் தெரிவ" என்றார். அந்த மனிதர் தினம் காலையில் ரோஜாப்பூவுக்கு நடுவே சூரியன் உதிக்கும் படத்தை உறவினர்கள் எல்லோருக்கும் அனுப்புகிறவர். படங்களைப் பற்றிப் பேச அவருக்கு என்ன தகுதி இருக்கிறது?

கேள்வி இல்லாத ஒரு பொருளை உலகத்தில் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்த வாரங்களில்தான் தெரிந்துகொண்டேன். எதைப் பார்த்தாலும் அது அவளைப் பற்றிய கவலையாக மாறி நின்றது. பூனை என்றால் பாலூற்ற ஆள் உண்டா. பூட்டு என்றால் கதவைச் சாத்துகிறாளா. ஒரு வாழை மரத்தைக்கூட நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை.

என் பள்ளி ஒரத்தநாட்டுப் பக்கம். தினம் பஸ். இத்தனை வருடமாக அந்தப் பாதையில் போய்வந்த நான் ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால், "வயல்" என்று சொல்லியிருப்பேன். குறுவை அறுவடை முடிந்த சமயத்தில் ஒரு நாள், ரோட்டின் பாதியை மறித்து நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். வழக்கமாக நான் அதைப் பார்த்ததும் விபத்து நடக்கும் என்றுதான் நினைப்பேன்; அன்றும் நினைத்தேன். அப்போது ஒரு பெண் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நெல்லுக்குள் நடந்தாள். காலைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டே நடப்பது அது; அடியில் இருக்கும் நெல் மேலே வருவதற்காக. அவள் போன வழியெல்லாம் இரண்டு இரண்டு கோடுகள் விழுந்தன. முனையில் திரும்பி, அந்தக் கோடுகளுக்குப் பக்கத்திலேயே மறுபடி வந்தாள். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பக்கம் பொன்னிறம், மறுபக்கம் நிழல். அந்தப் பக்கத்து ரோடு முழுக்கச் சீப்பால் வாரிவிட்ட தலையைப் போல இருந்தது. பஸ் நெல்லைச் சுற்றிக்கொண்டு மெதுவாகப் போனதால் எடுத்தேன்.

எடுத்த பிறகுதான் கவனித்தேன், அந்த ஒரு நிமிடம் நான் என் மகளை நினைக்கவில்லை. உடனே குற்ற உணர்ச்சி வந்து, இரண்டு மடங்காக நினைத்து ஈடுகட்டினேன்.

அவளிடமிருந்து எந்தத் தீர்ப்பும் வரவில்லை. கேள்வி என்றோ புகார் என்றோ வராமல் இருந்தால் தேர்ச்சி என்று பொருள். அன்று முழுவதும் நான் பொதுத்தேர்வில் முதலிடம் வாங்கியவளைப் போல நடந்துகொண்டதாகக் கணவர் சொன்னார்.

பிறகு அது தொற்றிக்கொண்டது. காலை பஸ்சின் நிழல் வயல் மேல் ஓடும். வரப்பு வந்தால் ஏறி இறங்கும். அந்த நிழலின் ஜன்னல் வரிசையில் ஒரு தலை என்னுடையது. அதை எடுத்தேன். கொள்முதல் நிலையத்தில் நெல் குவியலை மூடிய நீலத் தார்ப்பாயின் பள்ளங்களில் மழைத் தண்ணீர் தேங்கி, பள்ளத்துக்குப் பள்ளம் ஒரு மேகம் இருந்தது. நெல்லுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவரை வெட்டிவிட்டு மேகத்தை எடுத்தேன். அப்போது அது எனக்குத் தப்பாகத் தோன்றவில்லை. நன்றாகச் சட்டமிட்டிருப்பதாகத்தான் தோன்றியது.

வகுப்பில் மயில்துத்தக் கரைசலை எத்தனையோ முறை செய்துகாட்டியிருக்கிறேன். ஒரு நாள் சோதனைக் குழாயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்த நீலம்!

"மிஸ், குறிச்சுக்கணுமா?" என்று முன் பெஞ்சுப் பெண் கேட்டாள்.

"வேணாம். சும்மா பாருங்க."

"பரீட்சைக்கு வருமா மிஸ்?"

"வராது."

"அப்ப எதுக்கு மிஸ்?"

கல்வித் துறை கேட்க வேண்டிய கேள்வி. நான் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் வடகிழக்குப் பருவமழை வந்தது. எங்கள் பக்கம் மழை வராவிட்டால் அழுவோம், வந்தாலும் அழுவோம்; இந்த விஷயத்தில் நாங்கள் பாரபட்சம் பார்ப்பதில்லை. நாலைந்து நாள் விடாமல் கொட்டி, பள்ளிக்கு விடுமுறை விட்டு, மறுபடி திறந்த அன்று நான் போனேன். சென்னையிலும் தெருக்களில் தண்ணீர் என்று செய்தியில் காட்டினார்கள். காலை டீ நேரத்துக்கு முன்னால் வந்துவிடும் அவள் படம் அன்று வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. பள்ளி விடும்போதும் இல்லை.

கேட்கக் கூடாது. கேட்டால் ஒரு மாதம் எதுவும் வராது. ஒரு நாள் வராததற்கே போனைக் கையிலிருந்து கீழே வைக்க முடியவில்லை; ஒரு மாதத்தை நான் எப்படித் தாண்டுவேன்? ஆனால் ஒரு வழி இருந்தது. அன்றைய என் பங்குப் படத்தை நான் இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் அவள் போனுக்குப் போய்ச் சேர்கிறதா என்றாவது தெரிந்துவிடும். கேள்வி இல்லாத படத்தைக்கொண்டே கேள்வி கேட்கும் அளவுக்கு என் கலை முதிர்ந்திருந்தது.

திரும்பும் வழியில் பஸ் நின்றுவிட்டது. "பாலத்து மேல தண்ணி போகுது. எதிர்ல வர்ற வண்டி தாண்டி வரட்டும், பார்த்துட்டுப் போவோம்" என்றார் கண்டக்டர். எல்லோரும் இறங்கினார்கள். நானும் ரோட்டோரம் நடந்தேன்.

வயல் என்று ஒன்று அங்கே இல்லை. ரோட்டிலிருந்து அடிவானம் வரைக்கும் வானம்தான் கிடந்தது. மழை விட்டு மேற்கே மட்டும் வெளுத்திருந்தது; அந்த வெளிச்சம் முழுவதும் தண்ணீரில் படுத்திருந்தது. வரப்புகள் பென்சிலால் போட்ட கோடுகளாக நடுநடுவே தெரிந்தன. ஒற்றைப் பனைமரம் தலைகீழாக என் காலடி வரைக்கும் நீண்டிருந்தது. கொக்கு ஒன்று தன் மேலேயே நின்றுகொண்டிருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு அழகான இடத்தைப் பார்த்ததில்லை. போனைத் தூக்கினேன்.

"மேடம்! இருங்க, இருங்க, எடுத்துடாதீங்க!"

வரப்பில் நின்றிருந்த ஒருவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி விறுவிறுவென்று வந்தார். முழங்கால் ஆழத்தில் நின்று, குனிந்து, கை நிறையப் பயிரைப் பிடுங்கினார். பழுப்பாகக் கூழாகியிருந்தது. நாற்றம் ரோடு வரைக்கும் வந்தது. அதை மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பிடித்ததும் அவர் முகம் மாறியது. அவ்வளவு துயரம் நிறைந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இப்ப எடுங்க மேடம்."

வரப்பிலிருந்து அவர் மனைவி சத்தம் போட்டார். "ஏங்க, வேர் தெரியுற மாதிரி பிடிங்க! போன வருஷம் வந்தவரு வேர் தெரியலைன்னுட்டுப் போனாரு."

அவர் வேரைத் தூக்கிக் காட்டினார்.

"மேடம், தண்ணி மட்டமும் வரணும். கொஞ்சம் இறக்கி எடுங்க. முகம் போதுமாங்க, இல்ல இன்னும் கொஞ்சம் வேணுமா?"

கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, கையில் குடை, மற்றொரு கையில் போன். வெள்ளச் சேதம் கணக்கெடுக்க வந்த அதிகாரிக்கு வேறு என்ன லட்சணம் வேண்டும்? நான் மறுக்காமல் எடுத்தேன். இரண்டு மூன்று கோணங்களில் எடுத்தேன். அவர் அந்த முகத்தை ஒரு நொடிகூடத் தளர்த்தவில்லை.

"எவ்வளவு சேதம்னு எழுதுவீங்க மேடம்?"

அதற்கு மேல் முடியவில்லை. "நான் ஆபீசர் இல்லைங்க. ஸ்கூல் டீச்சர்" என்றேன்.

அவர் பயிரை மெல்ல இறக்கினார். "அப்ப எதுக்கு எடுத்தீங்க?"

"தண்ணி... பார்க்க அழகா இருந்துச்சு."

இதைச் சொல்வதற்குப் பதில் அந்தத் தண்ணீரில் மூழ்கியிருக்கலாம். அவர் திரும்பித் தன் வயலைப் பார்த்தார். மனைவி வரப்பில் நடந்து பக்கத்தில் வந்தார். அவரும் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. ஓசியில வந்த ஏரி" என்றார் அந்த அம்மாள். "நல்லா வந்துச்சா? காட்டுங்க."

காட்டினேன். கணவரின் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஐயையோ, என் கல்யாணத்தன்னிக்குக்கூட இவரு இப்படித்தான் நின்னாரு" என்றார். "இதை எங்க நம்பருக்கு அனுப்பிடுங்க டீச்சர். எங்க போன்ல எடுத்தா மூஞ்சியும் பயிரும் ஒரே மாதிரி வருது. ஆபீசர் வந்தா இதையே காட்டிக்கிறோம். ஆமா, நீங்க இதை யாருக்கு அனுப்ப எடுத்தீங்க?"

"என் பொண்ணுக்கு. சென்னையில இருக்கா. காலையிலேர்ந்து அவகிட்டேர்ந்து ஒண்ணும் வரலை."

ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிக்கொண்டே போன் திரையை இன்னொரு முறை பார்த்தேன். அந்த அம்மாள் அதைக் கவனித்துவிட்டார்.

"அந்தப் பிள்ளைக்குப் போயி இந்த அழுமூஞ்சியவா அனுப்புறது? ஏங்க, சிரிங்க."

"அழுகின பயிரை வச்சுக்கிட்டு சிரிச்சேன்னா எவனாவது நிவாரணம் குடுப்பானாடி?"

"பயிரைக் கீழ போட்டுட்டு சிரிங்க. யாரு உங்களைப் பயிரோட சிரிக்கச் சொன்னா?"

அவர் பயிரைக் கீழே போட்டார். கை இரண்டையும் என்ன செய்வது என்று தெரியாமல் இடுப்பில் வைத்துப் பார்த்தார், பின்னால் கட்டிப் பார்த்தார். அந்த அம்மாள், "ஸ்டுடியோவுல நிக்கிறாரு பாருங்க" என்றதும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எடுத்தேன். அந்த மனிதர், பின்னால் அவர் வயலில் கிடக்கும் வானம், ஓரத்தில் மனைவியின் குடை. எதையும் வெட்டவில்லை.

"இது வெளியில போகக் கூடாது டீச்சர்" என்றார் அவர், திடீரென்று பயந்து. "சிரிச்சுக்கிட்டு நிக்கிறான், இவனுக்கு என்ன சேதம்னு எழுதிருவாங்க."

அந்தப் படம் என்னிடமும் என் மகளிடமும் மட்டுமே இருக்கிறது. அதிகாரிகள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால்: அவர் சிரிக்கவில்லை. நான் எழுதுகிறவள், எழுதுகிறவர்கள் பொய் சொல்வார்கள்.

பாலத்தில் தண்ணீர் வடிந்து, கண்டக்டர் விசில் கொடுத்தார். துயரப் படத்தை அவர்களுடைய எண்ணுக்கும் சிரிப்புப் படத்தை மகளுக்கும் பஸ்சில் ஏறியதும் அனுப்பினேன். அவளுக்குப் போனதில் ஒற்றை டிக்தான் விழுந்தது. அப்படியே நின்றது. பாலம் தாண்டி, வாய்க்கால் தாண்டி, ஒரு கடைத்தெரு தாண்டியும் ஒற்றை டிக். பிறகு இரண்டாவது விழுந்தது. நீலமானது. உடனே போன் அடித்தது. மகளின் பெயர்.

எடுத்துக் காதில் வைத்தேன். நான் முதலில் பேசவில்லை. யாருடைய குரல் வருகிறது என்று பார்த்தேன்.

"அம்மா! எங்க நிக்கிற நீ? யாரு அந்த ஆளு? நீயும் தண்ணியில இறங்குனியா? செருப்பு போட்டிருந்தியா இல்லையா? பாம்பெல்லாம் இருக்கும்மா அங்க. ஏன் பேச மாட்டேங்கிற?"

கண்ணை மூடிக்கொண்டேன். திறந்ததும், பழக்கதோஷத்தில், "கேள்வி கேக்கக் கூடாதுன்னு ஒரு ஷரத்து இருந்துச்சே" என்றேன்.

"ஷரத்தைத் தூக்கிக் குப்பையில போடு. பஸ்சுல ஏறிட்டியா?"

அந்தக் குரலில் இருந்த நடுக்கம் எனக்குத் தெரிந்ததுதான். எங்கள் வீட்டில் அது இதுவரை எனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன்.

"ஏறிட்டேன். நல்லா இருக்கேன்."

"நிஜமாவா?"

நிஜமாகத்தான். ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? தினமும் அவளை இந்த இடத்தில்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அவள் மூச்சு கொஞ்சம் நிதானமானது. ராத்திரியிலிருந்து கரண்ட் இல்லையாம். போன் செத்துவிட்டதாம். அறைத்தோழி ஊருக்குப் போய்விட்டதால் தனியாக இருந்தாளாம். இப்போதுதான் தெருமுனைக் கடையில் சார்ஜ் போட்டிருக்கிறாள். அதோடு நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

"மழை பெஞ்சா ஈர ரோட்டுல லாரி போற சத்தம் வேற மாதிரி கேக்குதும்மா. நேத்து ராத்திரி முழுக்க அதுதான்."

அந்த விபத்துக்குப் பிறகு லாரி என்ற சொல்லை அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். என் வாயில் கேள்விகள் வந்து முட்டின. கால் வலிக்கிறதா, தூங்கினாயா, ஏன் அப்போதே சொல்லவில்லை, நான் கிளம்பி வரட்டுமா. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "ம்" என்றேன்.

அவள் பேசினாள். அந்தத் திருப்பத்தைப் பற்றி, கீழே கிடந்தபோது முகத்துக்கு நேரே தெரிந்த ஒரு டீக்கடை போர்டைப் பற்றி, போன் செய்த அந்த ஆள் ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் கையை விடாமல் இருந்ததைப் பற்றி. நான் "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ் தஞ்சாவூரை நெருங்கிக்கொண்டிருந்தது. மேற்கே மேகம் இன்னும் விலகி, வழியெல்லாம் மூழ்கிக் கிடந்த வயல்கள் ஒரே நேரத்தில் சிவந்தன. மரங்கள், மின்கம்பங்கள், மாடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. அப்படி ஒரு வெளிச்சம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. கேமரா என் காதில் இருந்தது.